நாலு விரல் இடைவெளி

மனிதருடைய ஆசைகளுக்கெல்லாம் ஒரே திசைதான் உண்டு. அது மேல் திசை. சம்பளம் உயர வேண்டும், பதவி உயர வேண்டும், வீட்டின் மேல் ஒரு மாடி எழும்ப வேண்டும், பையன் தகப்பனைவிட அரைச் சாணாவது உயரமாக வளர வேண்டும். நம் மொழியும் இதற்கு உடந்தை. நல்லதையெல்லாம் 'உயர்ந்தது' என்கிறோம். வேண்டாததைத் 'தாழ்ந்தது' என்று தள்ளி வைக்கிறோம். மோட்டார் வியாபாரிகள் இந்த மனப்பான்மையை நன்றாகப் புரிந்து கொண்டிருக்கிறார்கள். இப்போது விற்கும் கார்களில் பல, ஜீப்புக்குத் தம்பி என்று சொல்லும்படியாகத் தரையிலிருந்து எழும்பி நிற்கின்றன. ஏறி உட்கார்ந்தால் பக்கத்து வண்டிக்காரருடைய வழுக்கை தெரிகிறது. அதில் ஒரு திருப்தி.

இப்படிப்பட்ட காலத்தில், சொந்தப் பணத்தைச் செலவழித்துத் தங்கள் காரை மூன்று சென்டிமீட்டர் தாழ்த்திக் கொள்ளும் ஒரு கூட்டமும் இருக்கிறது. தலைமுடி, தொந்தி ஆகிய இரண்டைத் தவிர வேறு எதையும் காசு கொடுத்துக் குறைத்துக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே கிடையாது. ஆகையால் இந்தக் கூட்டத்தாரைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியம் உண்டாயிற்று. அவர்களில் ஒருவன் என் சொந்தத் தங்கையின் மகன் என்று தெரிந்தபோது ஆச்சரியம் அக்கறையாக மாறியது.

தங்கை குடும்பம் கோயமுத்தூரில் இருக்கிறது. அந்த ஊரில் இளைஞர்களுக்கு மோட்டார்ப் பித்துப் பிடிப்பது அதிசயமல்ல. பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துக் கட்டிய கரிவர்தன் வாழ்ந்த ஊர் அது. 1995-ல் அவர் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரால் 2003-ல் செட்டிபாளையத்தில் ஒரு பந்தயப் பாதை திறந்தார்கள். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்த ஊர்க்காரர்தான். அங்கே காற்றிலேயே கொஞ்சம் பெட்ரோல் வாசனை உண்டு.

மருமகன் பம்பு செட் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். மூன்று வருஷம் மிச்சம் பிடித்துப் பழைய கார் ஒன்று வாங்கினான். நான் போயிருந்த சமயம் என்னை வாசலுக்கு அழைத்துப் போய், சக்கரத்தின் மேலே, டயருக்கும் தகட்டு வளைவுக்கும் நடுவில் கையை நுழைத்துக் காட்டினான். நாலு விரல் தாராளமாக நுழைந்தது.

"இதைப் பாருங்க மாமா. அசிங்கமா இல்லீங்களா?"

"சேறு ஒட்டாமல் இருப்பதற்காக விட்டிருப்பான்" என்றேன்.

"வளர்ற பையனுக்குத் தொளதொளன்னு தைச்ச சட்டை மாதிரி இருக்குங்க. ரெண்டு விரல் இருந்தாப் போதும்."

அந்த இரண்டு விரலைக் குறைப்பதற்கு ஒரு ஜதை முன் ஸ்பிரிங்கும் ஒரு ஜதை பின் ஸ்பிரிங்கும் தருவித்திருந்தான். சிவப்புச் சாயம் பூசி, பெட்டிக்குள் குழந்தை மாதிரி படுத்திருந்தன. அவனுடைய தகப்பனாருக்கு இந்தச் சங்கதி தெரிந்து, மூன்று வாரமாக வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. மாப்பிள்ளை நூற்பாலையில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வரவு செலவு தவிர மற்றவற்றில் அவருக்கு நம்பிக்கை குறைவு.

"வண்டி செய்யறவன் முட்டாளுங்களா?" என்று என்னிடம் கேட்டார். "ஆயிரம் எஞ்சினீயரை வெச்சுச் செஞ்சதை இவன் ஒரு பட்டறையிலே போயி மாத்தறானாம். நீங்களாவது சொல்லுங்க."

இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கொண்டு, "அவங்கிட்டச் சாப்பிட வரச் சொல்லு", "அப்பாகிட்டச் சாவி எங்கேன்னு கேளுங்க" என்று என் தங்கையின் மூலமாகத் தபால் அனுப்பிக் கொண்டிருந்தார்கள். தங்கைக்கோ முதுகுத் தண்டில் வெகு நாளாய் வலி. வாரம் இரண்டு நாள் வைத்தியத்துக்குப் போக வேண்டும். அழைத்துப் போவது மகன். போவது அதே கார். ஆகவே விஷயம் வெறும் அழகு சம்பந்தப்பட்டதல்ல என்று எனக்குப் பட்டது. யாருக்குப் பரிந்து பேசுவது என்று தீர்மானிப்பதற்கு முன்னால், ஸ்பிரிங் என்பது என்ன என்று தெரிந்து கொள்ள விரும்பினேன்.

ஸ்பிரிங்குக்கு இலக்கணம் வகுத்தவர் ராபர்ட் ஹுக் என்ற ஆங்கிலேயர். எவ்வளவு பாரமோ அவ்வளவு அமுக்கம். பாரம் இரட்டித்தால் அமுக்கமும் இரட்டிக்கும். இவ்வளவுதான் அவர் கண்ட உண்மை. ஆனால் பிறர் அபகரித்து விடுவார்களோ என்று பயந்து, 1676-ல் அதை வெறும் எழுத்துக் கூட்டமாகக் கலைத்துப் போட்டு அச்சிட்டார். இரண்டு வருஷம் கழித்து, 1678-ல்தான் எழுத்துக்களைச் சேர்த்துப் படிக்கும் விதத்தை வெளியிட்டார். இன்றைக்கு ஓடும் எல்லா வண்டிகளும் அந்த விடுகதையின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

மருமகன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். வண்டியின் கனத்தால் ஒரு ஸ்பிரிங் 15 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதைவிடக் கால் பங்கு விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் 12 சென்டிமீட்டர்தான் அமுங்கும். அப்படியானால் வண்டி தாழாது. மூன்று சென்டிமீட்டர் உயர்ந்து விடும். ஆகவே தாழ்த்த விரும்புகிறவர்கள் அந்த மூன்றையும் கழித்து, இன்னொரு மூன்றையும் கழித்து, ஸ்பிரிங்கை ஆறு சென்டிமீட்டர் குட்டையாகச் செய்ய வேண்டும்.

"விறைப்பு எதற்கு? பழைய விறைப்பே இருக்கட்டுமே. குட்டையாக மட்டும் செய்தால் என்ன?" என்று கேட்டேன்.

"தாழ்ந்துட்டா மேலேயும் கீழேயும் ஆடறதுக்கு இடம் குறைஞ்சு போயிருங்க மாமா. மெதுவான ஸ்பிரிங்கா இருந்தா, சின்னப் பள்ளத்துக்கே அடியிலே போய் முட்டிக்கும். இருக்கிற கொஞ்ச இடத்துக்குள்ளே நிக்கணும்னா விறைப்பு வேணும்."

இடம் குறைந்தவனுக்கு விறைப்பு அதிகம் என்பது மனிதர் விஷயத்திலும் நான் கண்டதுதான். ஒண்டுக் குடித்தனக்காரர்களின் கதைகள் சில எழுதியிருக்கிறேன்.

இந்த விறைப்புக்கு விலை உண்டு. 15 சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங்கின் மேல் வண்டி நிமிஷத்துக்கு 77 தடவை மெல்ல ஏறி இறங்கும்; 12 என்றால் 86 தடவை. முதல் கதி, நிதானமாக நடந்து போகிறவர் எடுத்து வைக்கும் அடிக்குச் சமீபமானது. நம் உடம்பு பிறந்தது முதல் அதற்குப் பழகியிருக்கிறது. ஆகையால் அதைச் சுகம் என்கிறோம். கதி கூடக் கூட, சாலையின் சேதி முதுகுக்கு நேரே வந்து சேர்கிறது.

லாபமும் உண்டு. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார். அதன் கனம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் குவிந்திருக்கிறது. இரு சக்கரங்களுக்கும் நடுவே அகலம் 145 சென்டிமீட்டர். வளைவில் வேகமாகத் திரும்பும்போது, புவியீர்ப்பில் பாதியளவு விசை பக்கவாட்டில் இழுத்தால், உள் பக்கத்துச் சக்கரங்களிலிருந்து வெளிப் பக்கத்துக்கு 190 கிலோ பாரம் மாறுகிறது. மூன்று சென்டிமீட்டர் தாழ்த்தினால் அது சுமார் 180 ஆகிறது. பத்துக் கிலோ பிரமாத வித்தியாசம் அல்ல. வண்டி சாயாமல் திரும்புவதற்கு முக்கியக் காரணம் விறைப்புத்தான். தாழ்வு அதற்குத் துணை. ஆனால் தெருவில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது தாழ்வு மட்டுமே.

மருமகன் என்னைப் பட்டறைக்கும் அழைத்துச் சென்றான். பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரின் பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகளைத் தகடு தகடாகக் கழற்றி அடுக்கி வளர்ந்த கை அவருடையது. அவர் சொன்னதில் ஒன்று மனசில் நின்றது.

"புது ஸ்பிரிங்குக்குக் காசு இல்லாத பசங்க இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்துக் குடுங்கம்பாங்க. அதை மட்டும் நான் செய்யறதில்லீங்க."

காரணத்தையும் விளக்கினார். ஆறு சுற்றில் ஒரு சுற்றை அறுத்தால் மிச்சமுள்ள ஐந்து சுற்று, ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் விறைத்துக் கொள்ளும். அந்த மட்டில் சரி. ஆனால் அறுத்த முனை தன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. வண்டி ஒரு மேட்டில் துள்ளிச் சக்கரம் தொங்கும்போது, குட்டை ஸ்பிரிங் இடம் பெயர்ந்து கழன்று கொள்ளும். காஸ் விளக்கால் சுட்டு அறுத்தாலோ எஃகின் பதமே போய்விடும். நல்ல கம்பெனியார் செய்யும் தாழ்ந்த ஸ்பிரிங்கில் ஒரு பக்கத்துச் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும். வண்டி நிற்கும்போது அவை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்துக் கொள்ளும். சக்கரம் தொங்கும்போது விரிந்து, ஸ்பிரிங்கை இருக்கையிலேயே பிடித்து வைக்கும். பார்ப்பதற்கு வேலையில்லாத சுற்றுகள் போலத் தோன்றும். ஆபத்து வேளையில் அவைதான் காவல்.

ஸ்பிரிங்கைக் கழற்றுவதும் விளையாட்டல்ல. திருகு மரை போட்ட ஒரு கருவியால் அதை அமுக்கிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் கை நழுவினால் மணிக்கட்டை முறித்து விடும். மாட்டிய பிறகு சக்கரங்களின் சாய்மானம் மாறியிருக்கும். அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயர் உட்பக்கம் தேய்ந்து போகும். புதிய விறைப்பை அடக்குவதற்குப் பழைய ஷாக் அப்சார்பருக்குச் சக்தி போதாமல் அதையும் மாற்ற நேரிடலாம். இவ்வளவும் இரண்டு விரல் இடைவெளிக்காக!

இந்த ஆசையின் பூர்வோத்தரத்தைத் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், இரண்டாவது உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில், மெக்ஸிகோ வம்சத்து இளைஞர்கள் பழைய கார்களை வாங்கினார்கள். மற்ற இளைஞர்கள் வேகத்துக்காக இஞ்சினை முடுக்கிக் கொண்டிருந்தபோது, இவர்கள் பின் பெட்டியில் மணல் மூட்டை ஏற்றியும் ஸ்பிரிங்கை அறுத்தும் வண்டியைத் தாழ்த்தினார்கள். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கிழக்கே விட்டியர் பெருஞ்சாலையில், மாலை வேளைகளில், நடந்து போகிறவன் வேகத்தில் ஓட்டிப் போனார்கள். தங்களைக் கவனிக்காத ஊரில் கவனிக்கப்படுவதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது. அவசரப்படுகிறவன் யாருக்கோ வேலைக்காரன். மெதுவாகப் போகிறவன் தனக்குத் தானே எஜமான். இந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

சர்க்காருக்குப் பிடிக்கவில்லை. வண்டியின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது என்று 1958-ல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே ரான் அகிரே என்பவர் விமானத்துச் சாமான்களைக் கொண்டு தம் கார்வெட் வண்டியில் ஓர் ஏற்பாடு செய்தார். பொத்தானைத் தொட்டால் வண்டி உயரும், இன்னொரு தடவை தொட்டால் தாழும். போலீஸ்காரர் வரும்போது சட்டத்துக்கு அடங்கி, அவர் போன பிறகு ஆசைக்கு அடங்கும் வண்டி! பின்னர்ப் பல நகரங்களில் மெல்லச் சுற்றி வருவதற்கே தடை போட்டார்கள். அந்தத் தடைகளையும், தாழ்ந்த வண்டியைப் பற்றிய விதியையும் நீக்கும் சட்டம் 2023-ல் கையெழுத்தாகி, 2024 ஜனவரி 1-ம் தேதி அமலுக்கு வந்தது. இளைஞர்களாக இருந்தபோது அபராதம் கட்டியவர்களில் பலர் அதற்குள் தாத்தாக்களாகியிருப்பார்கள்.

ஜெர்மனியில் வேறு மாதிரி. அங்கே 1951-ல் தொடங்கிய ஐபாக் போன்ற ஸ்பிரிங் கம்பெனிகள் இதை ஒரு கௌரவமான தொழிலாக்கின. தாழ்த்திக் கொள்ளலாம், ஆனால் இன்ன வண்டிக்கு இன்ன ஸ்பிரிங் என்று பரீட்சை செய்த அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாவிட்டால் வண்டி சாலையில் போகும் உரிமையையே இழக்கலாம். ஆசைக்கு ரசீது கேட்கும் தேசம் அது. மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது முதல் தடவையாக அவர் முகத்தில் மரியாதை தோன்றிற்று.

நம் நாட்டு நிலைமை என்ன? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை விளக்கித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இது ஒரு புறம் இருக்க, சட்டப் புத்தகத்தைவிடக் கடுமையான நீதிபதி ஒருவர் தெருவுக்குத் தெரு படுத்திருக்கிறார். அவர் பெயர் வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் அவருக்கு அங்க லட்சணம் வகுத்திருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் தாண்டும்படியான வளைவு. ஆனால் நம் தெருக்களில் பல வேகத்தடைகள் எந்தப் புத்தகத்தையும் படித்தவை அல்ல. முழ அகலத்தில் முழங்கால் மாதிரி எழும்பி நிற்கும். நம் சிறு கார்களில் பலவற்றுக்குத் தரையிலிருந்து அடிவயிறு வரை இருக்கும் உயரமே 16, 17 சென்டிமீட்டர்தான்; அதிலும் ஆள் ஏறினால் இறங்கும். மூன்றைக் கழித்தால் மீதி என்ன என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரியாதா?

பிரான்ஸ் தேசத்தில் சிட்ரோயன் கம்பெனித் தலைவராக இருந்த பூலாஞ்ஷே, குடியானவர்களுக்காக ஒரு கார் செய்யச் சொன்னபோது, கூடை நிறைய முட்டையுடன் உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டை உடையக் கூடாது என்று கட்டளையிட்டாராம். 1948-ல் வெளிவந்த அந்தக் கார் கப்பல் மாதிரி ஆடும். ஆனால் முட்டை உடையாது. இதை மருமகனுக்குச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "எங்கம்மா முட்டையாங்க மாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

இரண்டு எஞ்சினீயர்களும் செய்தது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பெனிக்காரன் யாருக்காக வண்டி செய்கிறான்? ஐந்து பேர் ஏறலாம், அரிசி மூட்டை ஏற்றலாம், எந்த ஊர்ப் பள்ளத்திலும் இறங்கலாம் என்று, தான் பார்த்தேயிராத லட்சம் பேருக்காகச் செய்கிறான். அந்த நாலு விரல் இடைவெளி, முகம் தெரியாதவர்களுக்காக விட்டு வைத்த இடம். வாங்கியவனோ தனக்கு முகம் உண்டு என்று காட்ட விரும்புகிறான். அவனுக்குத் தெரிந்த சாலை, அவனுக்குத் தெரிந்த பாரம், அவன் கண்ணுக்குப் பிடித்த அழகு. இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அவனைத் தவிர வண்டியில் யார் உட்காருகிறார்கள்?

இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை என் தங்கை எடுத்துக் கொண்டாள். "மாட்டிக்கோடா. ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்" என்றாள். மாட்டினான். வண்டி அழகாகத்தான் இருந்தது. பாய்வதற்கு முன் பதுங்கிய பூனை மாதிரி. மறு செவ்வாய்க்கிழமை வைத்தியரிடம் போய் வந்தாள். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் பதினொரு வேகத்தடைகள். அதுவரைக்கும் அவற்றை எண்ணியதில்லை. இப்போது தாயும் மகனும் எண்ணினார்கள். ஒவ்வொன்றையும் அவன் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினானாம். "முன்னெல்லாம் பறப்பாங்கண்ணா. இப்போ கோயில் தேர் மாதிரி ஓட்டறான்" என்று தொலைபேசியில் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் வலிக்குதுங்கண்ணா. அவங்கிட்டச் சொல்லிராதீங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. எட்டாவது வேகத்தடையில் அவள் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்ததை அவன் பார்த்திருக்கிறான். ஆறு வாரம் கழித்து அவளுக்குச் சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குப் போய்ப் பழைய ஸ்பிரிங்குகளைத் திரும்ப மாட்டிக் கொண்டு வந்து நிறுத்தினான். சிவப்பு ஸ்பிரிங்குகளுக்கு எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வாசலில் நின்று டயருக்கு மேலே கையை விட்டுப் பார்த்ததாகத் தங்கை எனக்கு எழுதினாள். நாலு விரல் நுழைந்திருக்கிறது. அவரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

சிகிச்சை நல்லபடி நடந்தது. ஐந்து மாதத்தில் அவள் மாடிப்படி ஏறி இறங்க ஆரம்பித்து விட்டாள். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது சாக்கு துடைப்பத்தில் தட்டுப்பட்டது. "ஏண்டா, இதைத் துருப் பிடிக்க விடறதுக்கா இவ்வளவு காசு குடுத்தே?" என்று மகனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள்.

போன மாதம் நான் ஊருக்குப் போனபோது ரெயில் நிலையத்துக்கு அந்தத் தாழ்ந்த காரில்தான் வந்திருந்தார்கள். முன்னால் தங்கை, பின்னால் என் பக்கத்தில் மாப்பிள்ளை. ஏறும்போது நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. முதல் வேகத்தடையில் மாப்பிள்ளை ஒரு கையால் மேல் பிடியைப் பற்றிக் கொண்டு, முன்னால் சாய்ந்து, "இடது பக்கமா ஒடிச்சு ஏத்துடா. அங்கே தார் தேஞ்சு இறங்கியிருக்குது" என்றார், மகனிடம் நேராகவே.

"தெரியுங்கப்பா" என்று சொல்லி அவன் இடது பக்கம் ஒடித்தான்.